எழுதப்படாததையும் படிக்கிறோம்

'மலையில் ஏலம் பூத்துவிட்டது'. 'சந்தைக் கடைகளை ஏலம் விட்டார்கள்'. இந்த இரண்டு வாக்கியங்களிலும் 'ஏலம்' என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. ஆனால், தமிழ் அறிந்த எவரும் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. முன்னது மணப்பயிர், பின்னது, போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்ததாக அகராதிகள் குறிப்பிடும் விற்பனை முறை. எழுத்தில் வேறுபாடு இல்லை. ஒலியிலும் வேறுபாடு இல்லை. பூப்பது செடி என்பதும், கடை பூக்காது என்பதும் நாம் ஏற்கெனவே அறிந்தவை. அந்த அறிவுதான் பொருளைப் பிரித்துக் கொடுக்கிறது.

இந்த இரண்டு ஏலங்களும் ஒன்றாகச் சேரும் ஊர் தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர். மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவுகளில் விளையும் ஏலக்காய் இங்கும், மலைக்கு மேலே கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் வண்டன்மேட்டை அடுத்துள்ள புத்தடியிலும் நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏல மையங்களில் விற்பனையாகிறது. ஏல நிலவரம் நாளிதழ்களில் மூன்று, நான்கு வரிகளில் வெளியாகும். அந்தச் சிறிய செய்தி, வாசிப்பு என்றால் என்ன என்பதை விளக்கும் ஒரு நல்ல பாடம்.

எடுத்துக்காட்டுக்காக, கற்பனையான எண்களைக் கொண்டு அப்படி ஒரு செய்தியை அமைத்துப் பார்ப்போம்: 'நேற்றைய ஏலத்துக்கு 60,000 கிலோ ஏலக்காய் வந்தது. அதிகபட்ச விலை கிலோவுக்கு ரூ.3,000, சராசரி விலை ரூ.2,400.' எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எவரும் இதைப் படித்துவிடலாம். எல்லோரும் ஒன்றையே புரிந்துகொள்வார்களா என்பதுதான் கேள்வி.

போடியில் ஒரு தோட்டக்காரர் இதைப் படிக்கும்போது, அதில் எழுதப்படாத பலவற்றைச் சேர்த்தே படிக்கிறார். 'கிலோ' என்பது உலர்ந்த காயின் எடை. ஒரு கிலோ உலர்ந்த காய்க்கு ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் காய் வேண்டும். அதிகபட்ச விலை என்பது அன்று வந்த குவியல்களில் மிகச் சிறந்த ஒன்றுக்கு, அதாவது பருத்த, பச்சை நிறம் மாறாத காய்க்குக் கிடைத்தது. தம்முடைய காய்க்குக் கிடைக்கக்கூடியது சராசரியை ஒட்டியோ, அதற்குக் கீழாகவோ இருக்கும். 'வரத்து' என்பது முழுவதும் புதிய அறுவடை அல்ல. ஏலத்தில் வாங்கிய காயையே வியாபாரிகள் மீண்டும் ஏலத்துக்குக் கொண்டுவரும் 'ரீபூலிங்' என்ற வழக்கமும் உண்டு. எனவே, வரத்து கூடியதாலேயே விளைச்சல் கூடிவிட்டது என்று சொல்ல முடியாது.

வெளியூர் வாசகர் ஒருவருக்கு இவை எதுவும் தெரியாது. அவர் கண்ணில் முதலில் படுவது மூவாயிரம் என்ற எண். 'ஏலக்காய் விளைவிப்பவருக்குக் கிலோவுக்கு மூவாயிரம் கிடைக்கிறது' என்று அவர் முடிவுக்கு வருகிறார். அவர் எந்தச் சொல்லையும் தவறாகப் படிக்கவில்லை. ஆனாலும், அவர் படித்த செய்தியும் தோட்டக்காரர் படித்த செய்தியும் ஒன்றல்ல.

ஒரு நூலின் பொருள் முழுவதும் அந்த நூலுக்குள்ளேயே இருப்பதாகவும், வாசிப்பவர் அதை எடுத்துக்கொள்வதாகவும் நாம் பொதுவாக நினைக்கிறோம். உளவியல் ஆய்வுகள் இதற்கு மாறான உண்மையை நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பிரெடரிக் பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட 'நினைவுகூர்தல்' என்ற நூலில், வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றை ஆங்கிலேய வாசகர்களிடம் கொடுத்து, பின்னர் அதைத் திரும்ப எழுதச் சொன்ன சோதனையை விவரிக்கிறார். எழுதியவர்கள் தங்களுக்குப் பழக்கமில்லாத செய்திகளைக் கைவிட்டார்கள். சிலவற்றைத் தங்கள் வழக்கத்துக்கு ஏற்ப மாற்றினார்கள். கதையில் இருந்த பழங்குடியினரின் ஓடம், சாதாரணப் படகாயிற்று. தாம் படித்ததைத் தம் மனத்தில் ஏற்கெனவே இருந்த வார்ப்புக்குள் அவர்கள் ஊற்றிக்கொண்டார்கள்.

1972-இல் அமெரிக்காவின் பிரான்ஸ்ஃபோர்டு, ஜான்சன் ஆகிய இருவரும் வேறொரு சோதனை செய்தனர். பொருள்களைப் பிரித்து அடுக்குவது, ஒரே நேரத்தில் அதிகம் செய்யாதிருப்பது என்று சொல்லிச் செல்லும் ஒரு பத்தியைப் படித்துக் காட்டினார்கள். அதில் கடினமான சொல் ஒன்றும் இல்லை. ஆனால், கேட்டவர்களுக்குப் பொருள் விளங்கவில்லை. 'இது துணி துவைப்பதைப் பற்றியது' என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்களுக்கோ எல்லாம் தெளிவாகப் புரிந்தது; நினைவிலும் கூடுதலாகத் தங்கியது. பத்தி முடிந்த பிறகு தலைப்பைச் சொன்னபோது அந்தப் பயன் கிடைக்கவில்லை. அறிவு நம்மிடம் இருந்தால் மட்டும் போதாது. படிக்கும் அந்த நேரத்தில் அது விழித்திருக்கவும் வேண்டும் என்பதே இதன் பாடம்.

இது தலைப்புக்கு மட்டும் உரியதன்று. அடுத்தடுத்த இரண்டு வாக்கியங்களை இணைப்பதற்குக்கூட முன்னறிவு தேவைப்படுகிறது. 'பறித்த காயை உலர்த்த அனுப்பினார். விறகு ஈரமாக இருந்ததால் விலை குறைந்துவிட்டது' என்ற இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். விறகுக்கும் விலைக்கும் என்ன தொடர்பு? பச்சைக் காயை மூடிய அறையில் அடுப்பு வெப்பத்தால் உலர்த்தும் முறை உண்டு. வெப்பம் சீராக இல்லாவிட்டால் காயின் பச்சை நிறம் மங்கும். நிறம் மங்கினால் ஏலத்தில் விலை குறையும். இந்த மூன்று படிகளும் எழுத்தில் இல்லை. மலையை அறிந்தவர் அவற்றைக் கடப்பதே தெரியாமல் கடந்துவிடுகிறார். அறியாதவர் முதல் வாக்கியத்திலிருந்து இரண்டாவதுக்குத் தாவ முடியாமல் நிற்கிறார். எழுதுபவர் எதை விட்டுவிடலாம் என்று தீர்மானிப்பது, வாசகருக்கு ஏற்கெனவே எது தெரியும் என்ற அவரது கணிப்பைப் பொறுத்தது. அந்தக் கணிப்பு பிழைத்தால் எழுத்தும் பிழைக்கும்.

தமிழ் மரபுக்கு இது புதிய செய்தி அல்ல. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான 'ஏலாதி'யின் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். ஏலம் முதலாக இலவங்கம், சிறுநாவற்பூ, மிளகு, திப்பிலி, சுக்கு ஆகிய ஆறும் சேர்ந்த மருந்தின் பெயர் அது. மருந்தைப் பற்றி அறிந்த அக்கால வாசகர், நூலின் பெயரைக் கேட்டவுடனே, ஒவ்வொரு பாட்டிலும் உயிருக்கு நலம் தரும் ஆறு பொருள்கள் இருக்கும் என்று எதிர்பார்த்திருப்பார். இன்றைய மாணவருக்கு அதை ஆசிரியர் விளக்க வேண்டியிருக்கிறது. பெயர் மாறவில்லை, வாசகரின் கையிருப்பு மாறியிருக்கிறது. திருக்குறளுக்குப் பரிமேலழகரும் தொல்காப்பியத்துக்கு நச்சினார்க்கினியரும் உரை எழுதியதன் தேவையும் இதுவே. நூலாசிரியர் தம் கால வாசகரிடம் இருக்கும் என்று நம்பி விட்டுவைத்ததை, பிற்கால வாசகருக்கு எடுத்துக் கொடுத்தவர்கள் உரையாசிரியர்கள்.

இனி, பொருளியலுக்கு வருவோம். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எப்படிச் சீர்கெடும் என்பதை ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். அந்தத் துறையில் ஆற்றிய பணிக்காக அவருக்கும் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருக்கும் 2001-இல் நோபல் பரிசு கிடைத்தது. தகவல் ஏற்றத்தாழ்வைக் குறைக்க வேண்டுமானால் தகவலைப் பொதுவில் வைக்க வேண்டும் என்பது அதிலிருந்து அரசுகள் பொதுவாகக் கற்றுக்கொண்ட பாடம். ஏலக்காய்க்கு 2007-இல் மின்னணு ஏலம் வந்ததும் இந்தத் திசையிலான முன்னேற்றம்தான். இன்று யார் வேண்டுமானாலும் அன்றைய விலையைக் கைப்பேசியில் பார்த்துவிடலாம்.

ஆனால், தகவல் பொதுவாகிவிட்டால் பொருளும் பொதுவாகிவிடுமா? 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஏலக்காயின் அதிகபட்ச விலை கிலோவுக்கு 7,000 ரூபாயைத் தொட்டது. நாடு முழுவதும் அது செய்தியாயிற்று. அதற்குப் பின்னால் இருந்தவை இரண்டு: 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் இடுக்கி மலைத் தோட்டங்கள் அடைந்த சேதம், அடுத்த ஆண்டு பருவமழை தாமதமானதால் ஏற்பட்ட வறட்சி. விலை உயர்ந்ததற்குக் காரணம், விற்பதற்குக் காய் இல்லாததே. அந்த 7,000 ரூபாய்கூட அன்றைய மிகச் சிறந்த குவியலுக்குக் கிடைத்ததுதான். சராசரி விலை அதைவிட வெகு கீழே இருந்தது.

இந்தப் பின்னணியை அறிந்தவர் அந்தச் செய்தியில் தட்டுப்பாட்டைப் படித்தார். அறியாதவர் பொற்காலத்தைப் படித்தார். ஏலச்செடி நட்டவுடன் பலன் தருவதில்லை. மூன்றாம் ஆண்டளவில்தான் குறிப்பிடத்தக்க காய்ப்புக்கு வரும். இன்றைய விலையைப் பார்த்து நடுபவர் மூன்றாண்டுக்குப் பின் வரும் விலைக்கே விற்க முடியும். அப்போது அவரைப்போல் நட்ட எல்லோருடைய காயும் சந்தைக்கு வந்திருக்கும். பொருளியலில் இதைச் 'சிலந்திவலைத் தேற்றம்' என்பார்கள். ஏலக்காயின் சராசரி விலை 2021, 2022-ஆம் ஆண்டுகளில் ஆயிரம் ரூபாயை ஒட்டி வந்துவிட்டது. 7,000 என்ற எண் எல்லோருக்கும் ஒரே நாளில்தான் கிடைத்தது. அதன் பொருள் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. கடன் வாங்கியோ குத்தகை எடுத்தோ பயிரிடும் சிறு விவசாயிக்கு இந்த இடைவெளி வெறும் மொழிச் சிக்கலன்று, வாழ்வாதாரச் சிக்கல்.

முன்னறிவு இல்லாததைவிடத் தொல்லை தருவது, பொருந்தாத முன்னறிவு. 1979-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தியத் திருமணம் ஒன்றையும் அமெரிக்கத் திருமணம் ஒன்றையும் விவரிக்கும் இரண்டு கடிதங்களை இரு நாட்டவரிடமும் படிக்கக் கொடுத்தார்கள். தத்தம் நாட்டுத் திருமணக் கடிதத்தை எல்லோரும் விரைவாகப் படித்தார்கள். கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். அமெரிக்க மணப்பெண் தன் பாட்டியின் திருமண உடையை அணிந்தாள் என்பது அந்நாட்டவருக்குப் பெருமைக்குரிய குடும்ப மரபு. இந்திய வாசகருக்கோ அது வழக்கொழிந்த பழைய உடையாகத் தோன்றியது. புரியவில்லை என்று தெரிந்தால் யாரிடமாவது கேட்போம். தவறாகப் புரிந்தவருக்குக் கேட்கத் தோன்றாது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஏலமலைச் சரிவுகளில் இந்த ஆபத்து உயிரோடு தொடர்புடையது. ஏலக்காய், பூச்சிக்கொல்லி அதிகம் தெளிக்கப்படும் பயிர்களுள் ஒன்று. இந்தியாவில் பூச்சிக்கொல்லிப் புட்டிகளின் மேல் வண்ணக் குறியீடு அச்சிடப்பட வேண்டும் என்பது 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளின் கட்டளை. சிவப்பு, மிகக் கொடிய நஞ்சு. மஞ்சள், கடும் நஞ்சு. நீலம், நடுத்தர நஞ்சு. பச்சை, குறைந்த நஞ்சு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விளங்க வேண்டும் என்பதே வண்ணத்தின் நோக்கம். ஆனால், நம்மிடம் வண்ணங்களைப் பற்றி வேறொரு முன்னறிவு ஏற்கெனவே இருக்கிறது. சாலைச் சந்திப்பில் பச்சை என்றால் தடையின்றிப் போகலாம். மஞ்சள் என்றால் சற்று நிதானிக்கலாம். அந்த அறிவோடு புட்டியைப் பார்ப்பவருக்கு மஞ்சள், 'கொஞ்சம் கவனம் போதும்' என்றும், பச்சை, 'ஆபத்தில்லை' என்றும் பொருள்படும். உண்மையில், பச்சைக் குறியீடு உள்ளதும் நஞ்சுதான். மஞ்சளோ நஞ்சின் அளவில் இரண்டாவது படி. கையுறையும் முகக்கவசமும் இன்றி மருந்து தெளிக்கும் ஒரு தொழிலாளி, அந்தக் குறியீட்டைப் பார்க்காமல் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. பார்த்து, சாலை விளக்கின் பொருளை அதில் ஏற்றியிருக்கவும் கூடும்.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். வாசிப்புத் திறன் என்பது எந்தப் பத்தியைக் கொடுத்தாலும் வேலை செய்யும் ஒரு பொதுத் திறன் என்று எண்ணியே நாம் தேர்வு வைக்கிறோம். 1988-இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் நடத்திய சோதனை இந்த எண்ணத்தை அசைத்தது. பேஸ்பால் விளையாட்டைப் பற்றிய ஒரு பகுதியைப் பள்ளி மாணவர்கள் 64 பேருக்குக் கொடுத்தார்கள். வாசிப்புத் தேர்வில் பின்தங்கியவர்களாகக் கருதப்பட்டும் விளையாட்டை நன்கு அறிந்திருந்த மாணவர்கள், வாசிப்பில் சிறந்தும் விளையாட்டை அறியாத மாணவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து நாள்தோறும் ஜீப்புகளில் ஏறி மலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் தொழிலாளர்களின் குழந்தைகளை நினைத்துப் பாருங்கள். ஒரு கொத்தில் எந்தக் காய் பறிக்கும் பதத்தில் இருக்கிறது என்று அவர்களுள் பலருக்குத் தெரியும். அதைப் பற்றி எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. மாறாக, ரயில் பயணத்தைப் பற்றி ஒரு பத்தி வரலாம். மதுரை - போடி ரயில் பாதை, அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் மூடப்பட்டது. 2023 ஜூனில்தான் போடிக்கு மீண்டும் ரயில் வந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் வளர்ந்த ஒரு போடிக் குழந்தை, சொந்த ஊர் நிலையத்தில் ஒரு பயணிகள் ரயிலைக்கூடப் பார்த்திருக்க முடியாது. அந்தப் பத்தியில் அக்குழந்தை மதிப்பெண் இழந்தால், அது மொழியறிவின் குறையா, அனுபவத்தின் குறையா?

வாசிப்பு அறிவைத் தருகிறது. அறிவு அடுத்த வாசிப்பை எளிதாக்குகிறது. எனவே, தொடக்கத்தில் சிறிது கூடுதலாக அறிந்த குழந்தை ஆண்டுதோறும் மேலும் மேலும் முன்னேறுகிறது; குறைவாக அறிந்த குழந்தை மேலும் பின்தங்குகிறது. கூட்டு வட்டியைப்போன்ற இந்த நிகழ்வைக் கீத் ஸ்டனோவிச் 1986-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் விளக்கினார். முதலில்லாதவரிடம் வட்டி சேராது. வறுமையைப்போல் அறியாமையும் தலைமுறை தாண்டிச் செல்வதற்கு இது ஒரு காரணம்.

'எல்லாவற்றையும் நொடியில் தேடித் தரும் கருவி கையில் இருக்கும்போது, ஏன் மனத்தில் சுமக்க வேண்டும்' என்று சிலர் கேட்கக்கூடும். எதைத் தேட வேண்டும் என்பதற்கும் முன்னறிவு வேண்டும். சராசரிக்கும் அதிகபட்சத்துக்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது என்று அறியாதவர் அதைத் தேடப்போவதில்லை. பச்சைக்கு ஒரே பொருள்தான் என்று நம்புபவர் அகராதியைப் புரட்டப்போவதில்லை.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. விலை நிலவரத்தை வெளியிடும் ஊடகங்கள் சராசரி விலையை முதலில் சொல்லலாம். கடந்த ஆண்டு இதே வாரத்தின் சராசரியை அருகில் தரலாம். அந்த ஒரு வரி, வெளியாருக்கும் சிறு விவசாயிக்கும் தோட்டக்காரரின் முன்னறிவில் ஒரு பங்கைக் கொடுத்துவிடும். வேளாண் அலுவலர்களும் தோட்ட நிர்வாகங்களும் பூச்சிக்கொல்லியின் வண்ணக் குறியீட்டை ஒட்டிவிட்டதோடு கடமை முடிந்ததாகக் கருதாமல், 'இது சாலை விளக்கு அல்ல' என்று தெளிப்பவரிடம் நேரில் சொல்ல வேண்டும். பொருந்தாத முன்னறிவை முதலில் அகற்றினால்தான் புதியது உள்ளே நுழையும்.

ஆசிரியர்கள் ஒரு பாடத்தைத் தொடங்குமுன் ஐந்து நிமிடம், 'இதைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்' என்று கேட்கலாம். இருப்பதை எழுப்புவதற்கும், இல்லாததைக் கொடுப்பதற்கும், தவறானதைத் திருத்துவதற்கும் அந்த ஐந்து நிமிடம் உதவும். தொடக்க வகுப்புகளில் வாசிப்புப் பயிற்சிக்காக அறிவியலுக்கும் வரலாற்றுக்கும் உரிய நேரத்தைக் குறைப்பது, வேரை வெட்டிக் கிளைக்கு நீர் ஊற்றுவதாகும். அந்தப் பாடங்களும் ஊர் நூலகமும் சிறு சுற்றுலாக்களும் வாசிப்பின் மூலதனங்கள்.

வாசகர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. ஒரு செய்தி மிக எளிதாகப் புரிந்துவிட்டதாகத் தோன்றும்போது, அதில் எழுதியிருப்பது எவ்வளவு, நாமாகச் சேர்த்தது எவ்வளவு என்று ஒரு கணம் பிரித்துப் பார்க்க வேண்டும். நாம் சேர்த்தது அந்தத் துறைக்கு உரியதா, வேறெங்கோ பழகிய வழக்கமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எழுத்தறிவு என்பதற்கு எழுத்துகளை அறிதல் என்றே இதுவரை பொருள் கொண்டு, அதில் நாம் பெருமைப்படத்தக்க அளவு முன்னேறியிருக்கிறோம். எழுத்துகளுக்கு இடையில் உள்ளதை அறிவதற்கான வாய்ப்பையும் எல்லோருக்கும் வழங்குவதே அடுத்த கட்டம். அதுவரை ஒரே செய்தித்தாள் மலையின் மேலும் கீழும் வெவ்வேறு செய்திகளைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).